டிரிப் ஷீட்

சங்ககிரி பைபாஸில் லாரி புக்கிங் ஆபீஸ்.
பத்தொன்பது வருஷமாக டிரிப் ஷீட் எழுதுகிறேன்.
கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், கிலோமீட்டர்,
டீசல், பேட்டா, டோல்கேட்,
கடைசியில் நீளமாக ஒரு கட்டம்:
தாமதத்துக்குக் காரணம்.

இன்றைக்கு ஒரு ஷீட்டில்
வண்டி எண் எழுதும் இடத்தில்
தாரணி என்று எழுதினேன்.
காமலாபுரம் டு சிட்ரா, போய்த் திரும்ப.
பக்கத்து சீட்டில் வாத்தியார் இல்லாமல்
அவ்வளவு தூரம் இதுதான் முதல் தடவை.

ரோட்டில் போனால் நூற்று அறுபதுக்கு மேலே.
மேப்பில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தேன்,
நூற்று நாற்பதுக்கு ஒன்று குறைந்தது.
மீதிக் கிலோமீட்டரெல்லாம்
யார் யார் தோட்டத்தையோ சுற்றிக்கொண்டு
நாம் போவது.

கோடு எடப்பாடிக்குப் பக்கமாகப் போகிறது.
பவானிக்கு வடக்கே காவிரியைத் தாண்டி,
கவுந்தப்பாடியில் வெல்லம் காய்ச்சும் புகைக்கு மேலேறி,
குன்னத்தூர்.
அவிநாசி வரைக்கும் அது பைபாஸைச் சீண்டவே இல்லை.
இதை நான் தாரணி அப்பாவிடம் சொல்லவில்லை.

அவர் டிரைவருக்கு லீவு கொடுத்துவிட்டுத்
தானே சிமெண்ட் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தார்.
"அவ மேல போகட்டும், நாங் கீழயே போறேன்."

முன்பொரு தரம் கேட்டார்,
"நீ ஓட்டற வண்டி என்ன வெயிட்டு சாமி?"
சொன்னாள்.
பதினைந்து மூட்டை சிமெண்ட்டுக்குக் கொஞ்சம் கூட.
அன்றைக்கெல்லாம் குடோனில் நின்று
மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார் செங்கோட்டுவேல்.
எங்களுக்கு ரெண்டு பத்துச் சக்கரம் இருந்தது.
ஒன்று அவளுடைய ஃபீஸாகப் போயிற்று.
நாமக்கல்காரர் வாங்கிப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார்,
ஆனாலும் எதிரே வந்தால்
இவர் ஹாரன் அடிக்காமல் விடமாட்டார்.

ஒன்பது பத்துக்குக் கிளம்பினாள்.
"அம்பது நிமிசம்மா. எறங்குனதும் கூப்புடறேன்."

பத்து மணி.
டயர் கம்பெனி கொடுத்த கடிகாரம்.
பத்து அஞ்சுக்கு ஒரு டிரைவர் அட்வான்ஸ் கேட்டு வந்தான்,
எண்ணாமல் கொடுத்தேன்,
நூறு ரூபாய் கூட இருக்குதென்று அவனே திருப்பித் தந்தான்.
பத்துப் பத்து.
ஆடி மாசம்,
ஆபீஸ் ஷட்டர் காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறது,
அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.
பத்தேகால்.
பேனா மூடியைக் கடித்திருக்கிறேன்,
பிளாஸ்டிக் நாக்கில் குத்தியபோதுதான் தெரிந்தது.

பத்து இருபதுக்கு போன்.
"எறங்கிட்டேம்மா. பாலக்காட்டுக் காத்து
நேரா மூஞ்சில வந்து நிக்குது.
தள்ளிட்டேதான் வந்தேன்."
மேட்டில் நின்றுபோன லாரியைத் தள்ளுகிற மாதிரிச் சொன்னாள்.

அந்தக் கடைசிக் கட்டத்தில்
பஞ்சர் எழுதியிருக்கிறேன். செக்போஸ்ட்.
இறக்க ஆளில்லை. டிரைவருக்கு வயிற்றுப்போக்கு.
ஒரு தரம், யானை.
காற்று என்று எழுதியது இன்றைக்குத்தான்.
கையெழுத்து என்னுடையது மாதிரி இல்லை.

திரும்பும்போது அதே கோடு, அதே நூற்று முப்பத்தொன்பது.
நாற்பத்தியொரு நிமிஷம்.
அறுபத்தேழு நிமிஷம் தடுத்த காற்றே
முதுகில் கைவைத்துக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.
கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று
இத்தனை நாள் வாடகை பேசியவள் நான்.

அவருக்கு போன் போட்டேன்.
விஜயமங்கலம் டோல்கேட் தாண்டி ஓரங்கட்டி நிற்கிறாராம்,
ஒன்பதரையிலிருந்து.
"போனா பாரு! நல்லாப் பாத்தேன்.
கையக் காட்டுனேன்."
பின்னாலிருந்து கிளீனர் மாது குரல்:
"அது பருந்துங்க்கா."

கவுந்தப்பாடி அங்கிருந்து எவ்வளவு வடக்கே
என்று எனக்குத் தெரியும்.

"பாத்தீங்களா, நல்லதாப் போச்சு," என்றேன்.
"அவ போயிட்டுத் திரும்பியே வந்துட்டா.
நீங்க இன்னும் அவிநாசியே தாண்டல."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
அப்புறம் செல்ஃப் அடிக்கிற சத்தம்,
ஒரு தரம்,
இன்னொரு தரம்.